பிள்ளைங்க நல்லா சாப்பிட அனிமேஷன்: கதையில ஆரம்பிச்சு தட்டு வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

நான் முதல்ல பண்ண படத்துல ஒரு பர்கர் வில்லன், ஒரு கேரட் ஹீரோ. ரெண்டு நிமிஷப் படம், மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பண்ணது. பர்கர் கண்ணை உருட்டும், சிரிச்சா மேல் பன் தூக்கித் தூக்கி அடங்கும், நடக்கும்போது சீஸ் ஆடும், அவ்ளோ பார்த்துப் பார்த்து செஞ்சிருந்தேன். கேரட் நேரா நின்னு "என்னைச் சாப்பிட்டா கண்ணுக்கு நல்லது"ன்னு பேசிட்டே இருக்கும். படம் முடிஞ்சதும் யாரைப் பிடிச்சுதுன்னு பசங்ககிட்ட கேட்டா அத்தனை பேரும் பர்கர்னு கத்தினாங்க, ஒரு குட்டிப் பொண்ணு மட்டும் "கேரட் டீச்சர் மாதிரி பேசுது"ன்னு சொன்னா. அந்த ஒரு வரிதான் அதுக்கப்புறம் நான் பண்ண எல்லாத்தையும் மாத்திச்சு.

அதுலேர்ந்து நான் பிடிச்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. இதுவரைக்கும் வாயில வைக்காத ஒரு சாப்பாட்டை குழந்தைக்குப் பழகின முகமா ஆக்கிக் கொடுக்கிறதுதான் அனிமேஷனோட வேலை. மீதி எல்லாம் தட்டுலதான் நடக்கும். அதனால படம் முடியிற இடத்துல ஒரு உண்மையான தட்டு இருக்கணும், அந்தத் தட்டை மனசுல வச்சுத்தான் முதல் கோட்டையே வரையணும். வீட்டுல அப்பா அம்மா, வகுப்புல டீச்சர், புதுசா அனிமேஷன் கத்துக்கிறவங்க, யார் வேணா இதைப் பண்ணலாம், போன் ஒண்ணு இருந்தா போதும்.

ஸ்டெப் 1: ஏன் வேண்டாம்னு சொல்றாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

சுமார் 2 வயசுலேர்ந்து 6 வயசு வரைக்கும் புது சாப்பாட்டைப் பார்த்தா பயப்படுறது ரொம்ப சகஜம், அது பிடிவாதமும் இல்ல நம்ம வளர்ப்புல குறையும் இல்ல. ஒரு புது காயை குழந்தை ஏத்துக்கிறதுக்கு 8 முதல் 15 தடவை வரைக்கும் கூட கண்ணுல பட்டு, கையில பட்டு, நாக்குல பட்டுப் போக வேண்டியிருக்கும்னு ஆராய்ச்சிகள் சொல்லுது, ஆனா நிறைய பேர் மூணாவது தடவையோட "இவனுக்குப் பிடிக்காது"ன்னு முடிவு கட்டி நிறுத்திடுறாங்க. மிச்சம் இருக்கிற அந்தத் தடவைகளை அழுகையும் சண்டையும் இல்லாம கடக்க வைக்கிறதுலதான் அனிமேஷன் கை கொடுக்கும். இங்கிலாந்துல ரீடிங் பல்கலைக்கழகத்துல பண்ண ஆராய்ச்சியில, ஒரு காய்கறியோட படப்புத்தகத்தை வீட்டுல ரெண்டு வாரம் பார்த்துட்டு வந்த சின்னக் குழந்தைங்க அந்தக் காயை வாயில வச்சுப் பார்க்க கூடுதலா தயாரா இருந்தாங்க. ஆக, கண்ணு பழகினா வாய்க்கு வர்ற பயம் குறையுது. ருசி பழகுறதுக்கு மட்டும் வாயில வச்சே ஆகணும், அதுக்கு எந்தப் படமும் ஈடு கிடையாது.

ஸ்டெப் 2: யாருக்காகப் பண்றீங்கன்னு முடிவு பண்ணுங்க

எல்லா வயசுக்கும் ஒரே படம்னு மட்டும் போகாதீங்க. 3 முதல் 6 வயசுக்கு ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனா ஒன்றரை நிமிஷம், ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே சம்பவம். 7 முதல் 11 வயசுக்கு கொஞ்சம் சாகசம், கொஞ்சம் மர்மம், மூணு நிமிஷம் தாங்குவாங்க. டீன் ஏஜ் பசங்களுக்கு வேற வழி, அதைத் தனியா கீழே சொல்றேன், ஏன்னா அங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க.

இன்னொண்ணு, 2 முதல் 4 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு ஸ்கிரீன் நேரம் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவா இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, 1 வயசுக்குக் கீழே ஸ்கிரீனே வேண்டாம்னும் சொல்லுது. நம்ம படமும் அந்தக் கணக்குக்குள்ளதான் வரும், நல்ல விஷயம்தானேன்னு தனியா சலுகை எடுத்துக்க முடியாது.

ஸ்டெப் 3: ஒரு படத்துக்கு ஒரு சாப்பாடு, ஒரு செயல்

"சத்தான உணவு சாப்பிடணும்"னு ஒரு படம் பண்ணா குழந்தைக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமே இருக்காது. "பச்சைப் பட்டாணிக் காயைப் பிரிச்சு உள்ள இருக்கிறதுல ஒண்ணை வாயில போடுறது"ன்னா உடனே செய்யலாம். அதனால பேப்பர்ல ஒரே வரியில எழுதுங்க: இந்தப் படம் பார்த்த பத்து நிமிஷத்துல குழந்தை என்ன செய்யும்? தொடுமா, முகர்ந்து பார்க்குமா, பிய்க்குமா, ஒரு கடி கடிக்குமா? பதில் தெளிவா வரலன்னா கதை எழுத உட்காராதீங்க.

பெரிய இலக்கு எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும். 2023ல வந்த உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டல்படி ஒரு நாளைக்கு காய்கறி பழம் ரெண்டும் சேர்த்து 2-5 வயசுக்கு குறைஞ்சது 250 கிராம், 6-9 வயசுக்கு 350 கிராம், 10 வயசுக்கு மேல 400 கிராம். ஆனா இந்த நம்பர் படத்துக்குள்ள வரவே வேண்டாம், எந்தக் குழந்தையும் கிராம் கணக்கு பார்த்து சாப்பிட்டதில்ல.

ஸ்டெப் 4: கதை, இங்க நேரம் செலவழிங்க

"இதைச் சாப்பிட்டா பலம் வரும், படிப்பு வரும்"னு சொல்றதுதான் நம்ம எல்லாருக்கும் முதல்ல தோணுறது. 2014ல மைமாரன், ஃபிஷ்பாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ப்ரீ ஸ்கூல் குழந்தைங்களை வச்சு இதைச் சோதிச்சாங்க. கதையில ஒரு பொண்ணு பலம் வர்றதுக்காக, இல்ல எண்ணக் கத்துக்கிறதுக்காக ஒரு சாப்பாட்டைச் சாப்பிடுறான்னு சொன்னப்போ கேட்ட குழந்தைங்க அதைக் குறைவாச் சாப்பிட்டாங்க, காரணமே சொல்லாம விட்டப்போ கூடுதலாச் சாப்பிட்டாங்க. காரணம் சின்னக் குழந்தைங்களோட கணக்குதான், ஒரு பொருள் எதுக்கோ உதவும்னா அது ருசியா இருக்காதுன்னு அவங்களே முடிவு பண்ணிடுறாங்க. மருந்தைக் கொடுக்கும்போது நாம பேசுற பேச்சும் அதே மாதிரிதானே இருக்கு!

அதனால கதையில யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டாம். ஒரு ஆள் வர்றான், ஒரு புதுப் பொருளைப் பார்க்கிறான், சந்தேகப்படுறான், கிட்டப் போறான், ஒரு கடி கடிக்கிறான், முகம் மாறுது, அவ்ளோதான். சந்தேகப்படுற அந்த இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க, அதுதான் படத்தோட உயிர், ஏன்னா பார்க்கிற குழந்தையும் அதே இடத்துலதான் நிக்குது, தன்னை மாதிரியே ஒருத்தன் தயங்கி அப்புறம் துணியறதைப் பார்த்தாத்தான் அதுக்கும் துணிச்சல் வரும். முதல் கடியிலேயே ஆஹா ஓஹோன்னு குதிக்க விடாதீங்க. "ம்ம்... புளிப்பா இருக்கு... இன்னொண்ணு பார்க்கலாம்" இந்த அளவு போதும், நம்புற மாதிரி இருக்கும்.

வில்லன் வேண்டாம்னு நான் ஏன் சொல்றேன்னு ஆரம்பத்துலேயே பார்த்தீங்க. வில்லனுக்குத்தான் எப்பவும் நல்ல அசைவு, நல்ல சிரிப்பு, நல்ல பாட்டு அமையும். நீங்க வேண்டாம்னு சொல்ற சாப்பாட்டுக்கு நீங்களே ஸ்டார் அந்தஸ்து கொடுத்துடுவீங்க.

ஸ்டெப் 5: கேரக்டர் யாரு? சாப்பிடுறவன்தான்

காய்கறிக்குக் கண்ணு, மூக்கு, வாய் வச்சு அழகா வரைஞ்சுடுவோம், குழந்தைக்கும் அதை ரொம்பப் பிடிச்சுடும், அப்புறம் தட்டுல அதே காயை வச்சா "இவன் என் ஃப்ரெண்ட், இவனைச் சாப்பிட மாட்டேன்"னு அழும். என் கண்ணு முன்னாடி நடந்திருக்கு, ஒரு தக்காளியைக் கர்சீஃப்ல போர்த்தித் தூங்க வச்ச பையனை எனக்குத் தெரியும். அந்தப் பையன்கிட்ட போய்க் கடின்னு எப்படிச் சொல்றது? சாப்பிட வேண்டிய பொருளுக்கு முகம் வைக்காதீங்க. முகம் சாப்பிடுற ஆளுக்கு இருக்கட்டும், ஒரு முயல், ஒரு டைனோசர், ஒரு ரோபோ, பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஒருத்தன். காய் காயாவே இருக்கட்டும், அதோட நிறம், பளபளப்பு, மேல நிக்கிற தண்ணித் துளி, உள்ள இருக்கிற விதை, இதை எல்லாம் பெருசாக் காட்டுங்க. கடையில பார்க்கும்போதும் தட்டுல பார்க்கும்போதும் "ஓ, இதுவா"ன்னு அடையாளம் தெரியணும்னா நிஜமான வடிவம் வேணும்.

பிரபலமான கார்ட்டூன் முகத்தை ஒட்டினா சாப்பிட்டுடுவாங்கன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2010ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியில 4-6 வயசுக் குழந்தைங்க 40 பேருக்கு ஒரே சாப்பாட்டைக் கார்ட்டூன் படம் போட்ட பாக்கெட்லயும் போடாத பாக்கெட்லயும் கொடுத்தாங்க. பிஸ்கட் மாதிரி ஐட்டத்துலயும் ஜெல்லி மிட்டாயிலயும் கார்ட்டூன் போட்டதுதான் ருசியா இருக்குன்னாங்க, கேரட்ல மட்டும் அந்த மாயம் பெருசா எடுபடல. ஸ்டிக்கர் ஒட்டுறதோட நின்னுட்டா போதாதுன்னு எனக்கு அதுலேர்ந்து புரிஞ்சுது.

ஸ்டெப் 6: ஸ்கிரிப்டும் ஸ்டோரிபோர்டும்

ஸ்டோரிபோர்டுன்னா கதையைக் கட்டம் கட்டமா பேப்பர்ல வரைஞ்சு வைக்கிறது, இதுல பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு நிமிஷப் படத்துக்கு 8 முதல் 10 கட்டம் போதும், குச்சி மனுஷன் வரைஞ்சாலும் சரி. வசனத்தைச் சத்தமாப் படிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, எங்க மூச்சு வாங்குதோ அங்க வெட்டுங்க. பாதிப் படத்துக்கு வசனமே இல்லாம இருந்தா இன்னும் நல்லது.

ஸ்டெப் 7: படம் எடுக்கிறது

சுலபமான வழி ஸ்டாப் மோஷன். பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொரு போட்டோ. ஒரு நொடிக்கு 12 போட்டோன்னா 30 நொடிக்கு 360 போட்டோ, கேட்க மலைப்பா இருக்கும், ஆனா ரெண்டு பசங்களோட உட்கார்ந்தா ஒரு மதியத்துல முடிஞ்சுடும். போன்ல ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ ஆப்ல இலவசமாவே ஆரம்பிக்கலாம். கையால வரையணும்னா பென்சில்2டி, கிரிட்டா, ஓபன்டூன்ஸ் எல்லாமே இலவசம், 3டி வேணும்னா பிளெண்டர். 8 வயசுக்கு மேல உள்ள பசங்க தாங்களே செய்யணும்னா ஸ்கிராட்ச்ங்கிற பசங்களுக்கான இலவச புரோகிராமிங் தளம் ரொம்ப நல்ல ஆரம்பம்.

போனை எதுலயாவது அசையாம கட்டிடுங்க, டிரைபாட் இல்லன்னா ரெண்டு கனமான புத்தகத்துக்கு நடுவுல செருகிடுங்க. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் லாக் பண்ணுங்க, இல்லன்னா படம் முழுக்க மின்னி மின்னித் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீங்க, மேகம் வந்தா போச்சு, திரையை இழுத்து விட்டுட்டு ஒரு டேபிள் லாம்ப் போட்டுக்கோங்க. வெட்டின ஆப்பிள் காத்து பட்டு சீக்கிரம் பழுப்பாயிடும், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவினா தாங்கும், அப்பவும் மாத்துத் துண்டு ரெண்டு மூணு எடுத்து வச்சுக்கோங்க.

சாப்பிடுற காட்சியை நான் எப்படிப் பிரிப்பேன்னு சொல்றேன், களிமண் பொம்மைக்கும் இதேதான், வரையறதுக்கும் இதேதான். நொடிக்கு 12 ஃப்ரேம் கணக்கு, ஒரு ஃப்ரேம்னா ஒரு போட்டோ, இல்லன்னா வரைஞ்ச ஒரு படம். முதல்ல பொருளைப் பார்க்கிறது 12 ஃப்ரேம், அசையாம. மூக்கு கிட்ட போறது 6. கடிக்கிறதுக்கு முன்னாடி தலை லேசாப் பின்னால போறது 4, இதை விட்டுட்டா கடியில உயிரே இருக்காது. கடி வெறும் 2 ஃப்ரேம், டக்குன்னு. அப்புறம் 8 ஃப்ரேம் அப்படியே நிறுத்திடணும், கன்னம் மட்டும் உப்பியிருக்கும், பார்க்கிற குழந்தை மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கும். மெல்றது மூணு சுத்து, சுத்துக்கு 6. கடைசியாக் கண்ணு மெல்லப் பெருசாகும். மொத்தமே நாலரை நொடிக்குள்ளதான், ஆனா ஒரு படத்துல உங்க உழைப்புல பாதி இந்த இடத்துக்குப் போகலாம், அதுக்குத் தகும்.

முடிஞ்சா பசங்களையே எடுக்கச் சொல்லுங்க. பீட்ரூட்டை நகர்த்துறவங்க கையெல்லாம் சிவப்பாகும், முகர்ந்து பார்ப்பாங்க, பட்டாணி நடிகர்கள்ல நாலு பேர் ஷூட்டிங் முடியறதுக்குள்ள காணாமப் போவாங்க. வாயைத் திறக்கச் சொல்லி யாரும் கெஞ்சாமலே காய் உள்ள போயிருக்கும். எடுக்கிறதுக்கு முன்னாடி காயையும் கையையும் கழுவிடுங்க, அலர்ஜி யாருக்கு என்னன்னு பெத்தவங்ககிட்ட கேட்டுடுங்க, 5 வயசுக்குக் கீழே உள்ளவங்க கையில முழு திராட்சை, முழுக் கொட்டை எதுவும் போகக் கூடாது, தொண்டையில அடைச்சுக்கும்.

ஸ்டெப் 8: சத்தம்

2004ல ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல சார்ல்ஸ் ஸ்பென்ஸ் குழு, சிப்ஸ் கடிக்கிற சத்தத்தை ஹெட்போன்ல கூட்டிக் கொடுத்தப்போ அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பா, புதுசா இருக்கிறதா சாப்பிட்டவங்க சொன்னாங்க. விளம்பரம் எடுக்கிறவங்க சத்தத்தோட அருமையை நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காங்க, நாமளும் பயன்படுத்தலாமே. போன் மைக்கை வாய்க்குப் பக்கத்துல வச்சு ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கேரட்டைக் கடிங்க, ஆப்பிளைக் கடிங்க, பீன்ஸை உடைங்க. ஆடாசிட்டின்னு ஒரு இலவச ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வெட்டி அந்த 2 ஃப்ரேம் கடி மேல சரியா உட்கார வைங்க. பின்னணிப் பாட்டு ஓடிட்டு இருந்தா கடிக்கிற நேரத்துல அதை நிறுத்திடுங்க.

ஸ்டெப் 9: காட்டுறது, உடனே தட்டு

படத்தைச் சாப்பிடும்போது காட்டாதீங்க. ஸ்கிரீனைப் பார்த்துட்டே சாப்பிட்டா வயிறு நிறைஞ்சது குழந்தைக்கே தெரியாது, ஊட்டினா வாயைத் திறக்கும், என்ன சாப்பிட்டோம்னும் தெரியாது. முதல்ல படம், அப்புறம் ஸ்கிரீன் ஆஃப், அப்புறம் அதே காய் அதே மாதிரி வெட்டினது ஒரு சின்னத் தட்டுல. அளவு ரொம்பக் கம்மியா, ஒரு துண்டு, ரெண்டு துண்டு. நீங்களும் எடுத்துச் சாப்பிடுங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. குழந்தை தொட்டுட்டு விட்டாலும் அது ஒரு தடவைதான், 15ல ஒண்ணு கழிஞ்சுது.

வேல்ஸ்ல பாங்கர் பல்கலைக்கழகத்து ஆட்கள் உருவாக்கின ஃபுட் டூட்ஸ் திட்டத்துல மூணு விஷயம் சேர்ந்து வரும்: வீடியோவுல காய் பழம் சாப்பிடுற ஹீரோ பசங்க, திரும்பத் திரும்ப ருசி பார்க்கிறது, ருசி பார்த்தா ஸ்டிக்கர் மாதிரி சின்னப் பரிசு. ஆரம்பக் கட்டம் 16 நாள் ஓடும். வீடியோவை மட்டும் போட்டு விட்டுட்டு அவங்க போயிடல, அதைக் கவனிங்க. பரிசு சாப்பாடா இருக்கக் கூடாது, "இதை முடிச்சா ஐஸ்கிரீம்"னு சொன்ன நிமிஷமே காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசுன்னு மனசுல பதிஞ்சுடும்.

டீன் ஏஜ் பசங்களுக்கு

13 வயசுப் பையன்கிட்ட டைனோசர் காய் தின்கிற படத்தைக் காட்டினா அவன் எழுந்து போயிடுவான், போகவும் வேணும். அவங்களுக்கு உடம்பு நாளைக்கு என்ன ஆகும்ங்கிறது பெருசில்ல, இன்னிக்கு என்னை யாராவது ஏமாத்துறாங்களாங்கிறதுதான் பெருசு. 2016ல அமெரிக்காவுல 8ஆம் வகுப்பு மாணவர்களை வச்சு பிரையன், யேகர் குழு பண்ண ஆய்வு இதுக்குப் பெரிய ஆதாரம். ஒரு பக்கத்துக்கு வழக்கமான உடல்நலப் பாடம். இன்னொரு பக்கத்துக்கு, உணவுக் கம்பெனிங்க எப்படி உங்களைத் திரும்பத் திரும்பத் தின்ன வைக்கிற மாதிரி பொருளைத் தயாரிச்சு, குட்டிப் பசங்களைக் குறி வச்சு விக்கிறாங்கன்னு அம்பலப்படுத்துற கட்டுரை. மறுநாள் ஸ்நாக்ஸ் தேர்ந்தெடுக்கச் சொன்னப்போ ரெண்டாவது குழு சர்க்கரை ஐட்டத்தைக் குறைவா எடுத்தாங்க.

அதனால இவங்களை டைரக்டர் ஆக்கிடுங்க. ஒரு விளம்பரத்தை எடுத்துக்கிட்டு அதை அக்கக்காப் பிரிச்சு அனிமேஷனா பண்ணச் சொல்லுங்க. அந்தப் பொருள் மேல எவ்ளோ வெளிச்சம் அடிச்சிருக்காங்க, சிரிக்கிறவங்க எல்லாம் எந்த வயசு, குழந்தைக்குப் பிடிச்ச முகம் எங்க ஒட்டியிருக்கு, பாக்கெட் பின்னாடி குட்டி எழுத்துல என்ன இருக்கு. 330 மில்லி சாதாரண கோலா கேன்ல சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும், டீஸ்பூனுக்கு 4 கிராம்னு வச்சா கிட்டத்தட்ட 9 ஸ்பூன். இதை வாயால சொன்னா காதுல ஏறாது, ஆனா கண்ணாடி டம்ளர்ல ஒவ்வொரு ஸ்பூனா விழுறதை அவங்களே ஃப்ரேம் ஃப்ரேமா எடுக்கும்போது 5ஆவது ஸ்பூனுக்கு மேல அறையே அமைதியாயிடும். ஒரு நாளைக்கு எடுக்கிற எனர்ஜியில 10 சதவீதத்துக்குக் கீழேதான் சேர்த்த சர்க்கரை மாதிரி விஷயங்கள்லேர்ந்து வரணும், 5 சதவீதத்துக்குக் கீழே வந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதை அந்த நேரத்துல சொன்னா கேட்டுப்பாங்க.

ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். எடை, குண்டு, ஒல்லி, கலோரி, இந்தப் பேச்சு எந்தப் படத்துலயும் வேண்டாம், குண்டா ஒரு கேரக்டரைச் சோம்பேறியாவும் கேலிக்காகவும் காட்டவே வேண்டாம். பார்க்கிற கூட்டத்துல ஏற்கனவே சாப்பிடாம இருந்து உடம்பைக் கெடுத்துக்கிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம், நமக்குத் தெரியாது. "நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு"ன்னும் பிரிக்காதீங்க, "தினமும் சாப்பிடுறது, எப்பவாவது சாப்பிடுறது"ன்னு சொன்னாப் போதும்.

படத்தை வெளிய விடுறதுக்கு முன்னாடி ஒரு செக்கிங்: ஒரு நொடியில 3 தடவைக்கு மேல பளிச் பளிச்னு மின்னுற காட்சி இருந்தா வெட்டுங்க, சில பேருக்கு வலிப்பு வரலாம். சப்டைட்டில் போடுங்க. பசங்க முகம் வந்தா பெத்தவங்க சம்மதம் வாங்காம எங்கயும் போடாதீங்க.

கடைசி ஸ்டெப்: ஒரு நோட்டு

ஒவ்வொரு தடவையும் என்ன நடந்ததுன்னு ஒரு வரி எழுதுங்க. பார்த்தான், தொட்டான், முகர்ந்தான், நக்கினான், கடிச்சுத் துப்பினான், எல்லாமே எழுதுங்க, துப்பினதும் கணக்குல வரும். என் நோட்டுல ஒரு பையனுக்கு எதிர்ல பட்டாணின்னு போட்டு முதல் நாலு வரியும் "தட்டைத் தள்ளிட்டான்"னுதான் இருக்கு. ஏழாவதுல "விரலால உருட்டினான், சிரிச்சான்". பன்னிரண்டாவதுல "மூணு சாப்பிட்டான், மேல் தோலை உரிச்சுட்டு". அடுத்த படத்துல முயல் பட்டாணித் தோலை உரிக்கிற மாதிரி 18 ஃப்ரேம் சேர்த்தேன்.